இடது பக்கத்துப் பொத்தான்கள்

டிசம்பர் 1, வெள்ளி

விடுமுறை. காலையில் துணி துவைத்துக் காயப்போட்டேன். காற்றில் மணல் இருந்ததால் திரும்ப ஒருமுறை அலச வேண்டியதாயிற்று.

மதியம் வீட்டுக்குப் போன் பண்ணி மங்கையிடம் பேசினேன். கார்த்திகை முகூர்த்தத்தில் ஒரே நாளில் மூன்று கல்யாணத்துக்குப் பாத்திரம் போயிருக்கிறது. பூக்கொல்லைக்குப் போன அண்டா, பக்கத்து ஊரான ஆவணத்திலிருந்து வந்து இறங்கியதாம். ஆவணத்துக்குப் போன கரண்டிகள் எங்கே என்றே தெரியவில்லையாம்.

"நோட்டுல எழுதி எழுதி எனக்கே என் எழுத்து புரியலங்க. பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன். நீங்க அதெல்லாம் படிச்சவருதானே, அதுல ஏதாவது பண்ணிக் குடுக்க முடியுமா?"

கம்ப்யூட்டர் வாங்கியது எனக்குத் தெரியாது. எப்போது வாங்கினாய் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

பேராவூரணியில் அப்பா வைத்திருந்த பாத்திர வாடகைக் கடை அது. அவர் போன பிறகு மருமகள் மங்கைதான் பார்த்துக்கொள்கிறாள். நான் ஓமானில், சாலை போடும் கம்பெனி ஒன்றின் பாலைவன முகாமில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று எழுதும் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர். இங்கே முகம் பார்த்துப் பேசும் அளவுக்கு சிக்னல் கிடையாது. குரல் மட்டும் வரும். அதுவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்.

பண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடைக்கு உபயோகமாக இருக்கும்.

டிசம்பர் 4, திங்கள்

புரோகிராம் எழுதிப் பல காலம் ஆகிவிட்டது. மதிய இடைவேளையில் அலுவலகக் கன்டெய்னரிலேயே உட்கார்ந்து தொடங்கினேன். முதலில் ஒரு ஜன்னல். அதில் ஒரு பொத்தான்.

ஜன்னல் வந்தது. பொத்தான் வரவில்லை. எங்கேயும் பிழை காட்டவில்லை. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் புரிந்தது. பொத்தானை உருவாக்கினால் மட்டும் போதாது. ஜன்னலில் அதற்கு இன்ன இடம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது இருக்கும், ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாது.

இடம் கொடுத்தேன், வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம். அழுத்தினால் உள்ளே போய் வெளியே வந்தது. வேலை எதுவும் செய்யவில்லை. ஆனாலும் நாலைந்து முறை அழுத்திப் பார்த்தேன்.

டிசம்பர் 8, வெள்ளி

முதல் புரோகிராமை அனுப்பினேன். பாப்பா தரவிறக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பாப்பா என்று நாங்கள் கூப்பிடும் மகள் நிறைமதி எட்டாவது படிக்கிறாள். என்னைவிட வேகமாகச் செய்கிறாள்.

இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தேன். 'பொருள் வெளியே செல்கிறது', 'பொருள் திரும்ப வருகிறது'.

"இது என்னங்க, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி" என்றாள் மங்கை.

"வேற எப்படிப் போடுறது?"

"போச்சு, வந்துச்சுன்னு போடுங்க."

"போச்சுன்னா தொலைஞ்சு போச்சுன்னு ஆயிடாதா?"

யோசித்தாள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. யாரோ வந்து நாற்காலி வேண்டும் என்றார்கள், நாளைக் காலையில் வரச் சொன்னாள். பிறகு, "அனுப்பியாச்சு, வந்தாச்சு. அப்படிப் போடுங்க. நான் ஆளுககிட்ட அப்படித்தான் சொல்லுவேன்" என்றாள்.

அப்படியே போட்டேன். ஒரு வார்த்தைக்காக இவ்வளவு நேரம் நாங்கள் பேசியதாக எனக்கு நினைவில்லை. வழக்கமாக, பணம் வந்ததா, பாப்பா எப்படிப் படிக்கிறாள், உடம்பு எப்படி, சரி வைக்கிறேன். அவ்வளவுதான்.

டிசம்பர் 15, வெள்ளி

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பொத்தான் வைத்து அனுப்பியிருந்தேன். அண்டா, தேக்சா, கரண்டி, குத்துவிளக்கு, நாற்காலி, ஜமுக்காளம். தனித்தனியாக எழுதச் சோம்பல்பட்டு பெயர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும் ஒரே சுற்றில் விட்டு எல்லாவற்றையும் உருவாக்கினேன்.

போனை எடுத்ததுமே சிரித்தாள். "என்னங்க, எத அழுத்துனாலும் ஜமுக்காளம்னே சொல்லுது?"

"எல்லாத்துக்குமா?"

"குத்துவிளக்க அழுத்துனேன், ஜமுக்காளம். நாற்காலிய அழுத்துனேன், ஜமுக்காளம். பாப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறா. இப்ப வீட்டுல என்ன கேட்டாலும் ஜமுக்காளம்ங்குறா. என்ன சாப்பாடுன்னா ஜமுக்காளம்."

மங்கை மூச்சு வாங்கச் சிரிப்பதை நான் எத்தனை காலத்துக்கு முன்பு கேட்டேன் என்று தெரியவில்லை.

பிழை இதுதான். பொத்தான் உருவாகும்போதே தனக்குரிய பெயரைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அழுத்தும்போதுதான் போய்த் தேடுகிறது. அதற்குள் சுற்று முடிந்து கடைசிப் பெயர் மட்டும் மிச்சம். ஒரே ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் முடியும் என்று சொல்லிவிட்டேன். வேறு வேலைகளும் இருக்கின்றன.

டிசம்பர் 16, சனி

ஜமுக்காளத்தைச் சரி செய்தேன். பத்து நிமிடம். அனுப்பவில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

சரி செய்ததை அனுப்பினேன். புதிதாக ஒரு சிக்கல். எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன என்று திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பினாள். இந்த முறை நான் மாற்றிப் போட்ட எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாததுதான் காரணம்.

படத்தில் திரையின் கண்ணாடியில் அவளுடைய நிழல் விழுந்திருந்தது. கையை உயர்த்திப் போனைப் பிடித்திருக்கிறாள். முகம் சரியாகத் தெரியவில்லை. நெற்றி, ஒரு பக்கக் காது, தோள். பின்னால் அடுக்கிய நாற்காலிகள். பிழையைப் புரிந்துகொள்வதற்காகப் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன்.

கடைக்குப் பின்னால் இன்னொரு குடோன் எடுத்திருக்கிறாளாம். ஆனந்தராசு அண்ணன் பார்த்துப் பேசி முடித்தாராம். லோடு வேன் ஓட்டுகிறவர். பாரம் ஏற்றி இறக்குவதும் அவர்தானாம். பேச்சில் அவர் பெயர் ஐந்தாறு முறை வந்தது.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை முகூர்த்தம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

டிசம்பர் 29, வெள்ளி

பாப்பாதான் எடுத்தாள். "அம்மா தூங்குறாங்கப்பா."

"பகல்லயா?"

"ம்."

"உடம்பு சரியில்லயா?"

"இல்லப்பா. சும்மாதான்."

பகலில் தூங்குகிறவள் இல்லை. மார்கழிப் பனி ஒத்துக்கொள்ளவில்லை போலும். பிறகு பேசுவதாகச் சொல்லச் சொன்னேன். பேசவில்லை.

ஜனவரி 5, வெள்ளி

இன்று பேசினாள். போனை எங்கேயோ தள்ளி வைத்துக்கொண்டு பேசுகிறாள், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் குரல். கையில் எடுத்துப் பேசு என்றேன். வேலையாக இருக்கிறேன் என்றாள்.

பொத்தான்களைப் பெரிதாக்க வேண்டுமாம்.

"இப்ப இருக்குறதே சரியான அளவுதானே."

"இல்லங்க. குறி பாத்து அழுத்த முடியல. நல்லா உள்ளங்கை அளவுக்கு வைங்க. அப்புறம் எல்லாத்தையும் இடது பக்கமாக் கொண்டுவந்துருங்க."

இது எனக்குப் பிடிக்கவில்லை. இடது பக்கம் பட்டியல், வலது பக்கம் பொத்தான்கள். யோசித்து யோசித்து அமைத்தது. பெரிதாக்கினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டுப் போல இருக்கும். சொன்னேன்.

"எனக்கு இந்தப் பக்கந்தான் வசதி" என்றாள். குரலில் அலுப்பு.

ஜனவரி 9, செவ்வாய்

முழுவதையும் பிரித்து மாற்றிக் கட்டினேன். பொத்தான்கள் எல்லாம் இடது பக்கம், செங்கல் செங்கலாக.

நிர்வாக அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். பிப்ரவரியோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருப்பதானால் பிப்ரவரி பாதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இது ஆறாவது முறை. ஒவ்வொரு முறையும் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 12, வெள்ளி

அண்டாவை அழுத்தப் போய்ப் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிடுகிறாளாம். அழுத்தியதும் 'நிச்சயமா?' என்று ஒருமுறை கேட்க வேண்டுமாம்.

"ஒவ்வொரு தடவையும் கேட்டா உனக்கே எரிச்சலா இருக்கும். கவனமா அழுத்துனா போதும் மங்கை."

மேசையில் எதையோ வைக்கும் சத்தம் கேட்டது.

"கவனமாத்தான் அழுத்துறேன்" என்றாள்.

போட்டுத் தருகிறேன் என்றேன். ஒப்பந்த விஷயத்தையும் சொன்னேன். சொல்லிவிட்டு, என்ன சொல்வாள் என்று காத்து நின்றேன். தண்ணீர்த் தொட்டியில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

"உங்க இஷ்டங்க" என்றாள்.

ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்கிறாள். புத்திசாலி. குடும்பச் செலவு தெரிந்தவள்.

ஜனவரி 15, திங்கள்

முகாமில் பொங்கல் வைத்தார்கள். வெல்லம் போதவில்லை, சீனி போட்டார்கள்.

'நிச்சயமா?' வேலை செய்கிறது என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். படம் கோணலாக இருக்கிறது, பாதித் திரைதான் தெரிகிறது. கண்ணாடியில் அவள் நிழல். புதுப் புடவை. தோளிலிருந்து வெள்ளையாக ஏதோ தொங்குகிறது. துண்டாக இருக்கும். பொங்கல் அன்று அடுப்படியில் நின்றிருப்பாள்.

ஜனவரி 19, வெள்ளி

முதல் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்ததாம். போனவையெல்லாம் சரியாக வந்து சேர்ந்தனவாம். எனக்கு மிகவும் சந்தோஷம்.

இப்போது புதிதாக ஒன்று கேட்கிறாள். எதையும் டைப் அடிக்காமலே செய்ய வழி வேண்டும்.

"ஊருக்கு ஒரு பட்டன் வச்சிருங்க. ஆளு பேர நான் அப்புறம் பாப்பாவ விட்டு அடிச்சுக்கிறேன்."

அவள் சொல்லச் சொல்ல ஊர்களை எழுதிக்கொண்டேன். குருவிக்கரம்பை, ஒட்டங்காடு, செருவாவிடுதி, பெருமகளூர், திருச்சிற்றம்பலம். ஒவ்வோர் ஊரையும் சொல்லும்போது அங்கே யார் வீட்டில் என்ன விசேஷம் என்றும் சொன்னாள். செருவாவிடுதியில் என்னோடு படித்தவன் மகளுக்குக் கல்யாணமாம். அவனுக்குக் கல்யாணம் பண்ணும் வயதில் மகளா என்றேன். உங்களுக்கென்ன வயசு என்று நினைப்பு என்றாள்.

பொத்தான்கள் தயாரானதும் சரிபார்க்க ஒவ்வொன்றாக அழுத்தினேன். பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது போலிருந்தது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. மறுபடியும் ஒரு சுற்று அழுத்தினேன்.

ஜனவரி 26, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டுப் பாப்பா சீக்கிரம் வந்துவிட்டாள். அவள்தான் எடுத்தாள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

"எதுக்கு?"

"கட்டு பாக்க."

"என்ன கட்டு?"

பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள் என்றாள்.

"பாப்பா. என்ன கட்டு?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்கப்பா."

"நீ சொல்லு."

அழ ஆரம்பித்துவிட்டாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில், குடோன் பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கும்போது ஏணி சாய்ந்துவிட்டதாம். மங்கை வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து மாவுக்கட்டு. ஆனந்தராசுதான் வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

"அம்மா இடது கையிலதான் மவுஸ் பிடிக்கிறாங்கப்பா. எனக்கு லீவு இல்லாதப்ப தலைகூட அவங்களாலயே வாரிக்க முடியாது. பக்கத்து வீட்டுச் சித்தி வந்து வாரிவிடுவாங்க."

அழாதே, அப்பா அம்மாவிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். சாயங்காலம் மங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

"நான் உன் புருஷன் இல்லயா?"

"இருக்கீங்க. அங்க இருக்கீங்க. சொன்னா நாலு நாள் தூங்க மாட்டீங்க. அப்புறம் பணம் அனுப்புவீங்க. பணம் இங்க இருக்குங்க. தலை வாரிவிடத்தான் ஆளு வேணும்."

அவள் சத்தம் போடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்வது போலச் சொன்னாள். நான்தான் சத்தம் போட்டேன். ஊருக்கெல்லாம் தெரியும், வேன்காரருக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதா என்றேன். வேன்காரரைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத விரும்பவில்லை.

போனை வைத்துவிட்டாள்.

ஜனவரி 28, ஞாயிறு

ஆனந்தராசு நல்ல மனிதர். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஜனவரி 30, செவ்வாய்

சொல்லவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

துணி துவைத்தேன். முடி வெட்டிக்கொண்டேன். போன் பண்ணவில்லை. அவளும் பண்ணவில்லை.

பொங்கல் அன்று வந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். தோளிலிருந்து தொங்கியது துண்டு இல்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்து, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். என் புரோகிராமைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினேன். ஒட்டங்காடு. ஒரு கல்யாணம். இரண்டு அண்டா, நான்கு தேக்சா, நூறு நாற்காலி.

அம்புக்குறி நான் நினைத்த இடத்தில் நிற்கவே இல்லை. அண்டாவுக்குப் போனால் கரண்டிக்கு நழுவியது. 'நிச்சயமா?' என்று கேட்டபோது 'ஆம்' பொத்தான் சின்னதாக, ஒரு மூலையில் இருந்தது. அதைப் பிடிப்பதற்குள் தோள்பட்டை வலித்தது. எரிச்சலில் கேட்டதைக் கேட்டபடி, ஆனால் கொஞ்சம்கூட யோசிக்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கவனமாக அழுத்து என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

கிரேன் ஓட்டும் இன்னாசி, என் அறைக்காரன், கன்டெய்னருக்குள் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, கையில அடி பட்டிருக்கா?"

"எனக்கு இல்ல. வீட்டுல."

"எப்ப?"

"டிசம்பர்லயே."

அவன் குலசேகரப்பட்டினத்துக்காரன். கேட்டால் கேட்டுக்கொண்டே இருப்பான். இன்று ஒன்றும் கேட்காமல், வெளியே காய்ந்துகொண்டிருந்த என் சட்டைகளை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போனான்.

'ஆம்' பொத்தானைப் பெரிதாக்கி, அம்புக்குறி ஏற்கெனவே நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வரும்படி செய்தேன். தவறாக அழுத்தியதைத் திரும்ப எடுக்க ஒரு பொத்தான். சேர்ந்தாற்போல் இரண்டு பொத்தான்கள் அமுங்காமல் இருக்க நடுவே இடைவெளி. இதெல்லாம் அவள் கேட்காதவை. இடது கையாலேயே ஓட்டி ஓட்டிப் பார்த்து, இருட்டுவதற்கு முன் அனுப்பிவிட்டேன். கூடவே எதுவும் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 7, புதன்

வேலை நேரத்தில் போன் வந்தது. மங்கை புதன்கிழமை கூப்பிட்டதே இல்லை. யாருக்கு என்னவோ என்று தொட்டிப் பக்கம் ஓடினேன்.

"கட்டுப் பிரிச்சாச்சுங்க" என்றாள். "கை கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல. விரலெல்லாம் நல்லா மடங்குது."

"வலி?"

"தூக்குனா இருக்கு."

"தூக்காத."

"சரி."

பிறகு, "நீங்க அனுப்புனதப் போட்டுப் பாத்தேன். பட்டனெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. இனிமே ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்றாள்.

புரோகிராம் எழுதுகிறவன் கேட்க விரும்பும் வார்த்தை இதுதான்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே வேண்டாம்."

"கலர் வேணும்னா மாத்தலாம்."

"கலர் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப வெள்ளிக்கிழம என்ன பேசுறது?"

நினைக்காமல் வந்துவிட்டது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடையைக் கடந்து போவது கேட்டது.

"பட்டன் இல்லாம நமக்குப் பேசத் தெரியாதாங்க?" என்றாள்.

"ஆனந்தராசு பத்திப் பேசுனது தப்பு" என்றேன்.

"தப்புதான். அவரு பொண்டாட்டிதான் பத்து நாள் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டுச்சு."

"தெரியாது."

"நான் சொல்லல, உங்களுக்குத் தெரியல. அது என் தப்பு."

சைட்டில் என்னைத் தேடுவார்கள் என்று தெரிந்தும் நின்றேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அடுத்த வாரம்தான் கடைசி என்று சொன்னேன். இம்முறை அவள் பதிலுக்காகக் காத்திருக்காமல் நானே கேட்டேன்.

"உங்க இஷ்டம்னு சொல்லாத மங்கை. நீ என்ன நினைக்கிற?"

"ஒவ்வொரு தடவையும் வாங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வருங்க. சொல்லி, அதுக்கப்புறமும் நீங்க வரலேன்னா, அப்புறம் நான் எதச் சொல்லி மனசத் தேத்திக்கிறது? அதான் உங்க இஷ்டம்னு சொல்லிருவேன். என் இஷ்டத்த யாரும் கேக்கலேன்னு நெனச்சுக்குவேன்."

"நீ கூப்பிடுவேன்னு நான் இருந்தேன்."

"நீங்க கேப்பீங்கன்னு நான் இருந்தேன்."

யாரோ கடைக்குள் வந்து, அக்கா, நாளைக்கு நாற்காலி வேண்டும் என்றார்கள். இருங்க என்று அவர்களிடம் சொன்னாள். பிறகு போனை வாய்க்கு மிகவும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கையில் எடுத்துப் பேசுகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றாள். "ஆளு நிக்குது. வச்சிர்றேன்."

பிப்ரவரி 13, செவ்வாய்

அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். வேறு கம்பெனியில் அதிகம் தருகிறார்களா என்றார்கள். இல்லை, வீட்டில் கூப்பிட்டார்கள் என்றேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

பேசினோம். பொத்தான் பற்றி எதுவும் இல்லை. அவள் மதியம் வைத்த மீன் குழம்பைப் பற்றியே பாதி நேரம் போயிற்று. மீதி நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். வைக்கவும் இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

பெட்டி கட்டியாயிற்று. இன்னாசிக்கு என் போர்வையும் இஸ்திரிப் பெட்டியும். சாயங்காலம் மஸ்கட்டுக்குப் போகும் கம்பெனி வண்டி.

மார்ச் 17, ஞாயிறு

வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது.

திருச்சி விமான நிலையத்துக்குப் பாப்பா, பக்கத்து வீட்டுச் சித்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். பக்கத்தில் வந்து நின்றாள், ஆனால் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. மங்கை வரவில்லை. அன்று இரண்டு கல்யாணங்கள். கடை வாசலில் நின்று என்னைப் பார்த்தவள், "இளைச்சுப் போயிட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை.

கடையில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. எந்தப் பாத்திரம் எந்த அடுக்கில் என்று தெரியவில்லை. வேனில் ஏற்ற ஓர் அண்டாவைத் தூக்கப் போனேன். "விடுங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்றார் ஆனந்தராசு. அவரை நன்றாகப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும், முன்பல் இரண்டு இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல நினைத்ததைச் சொன்னேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "வீட்டு ஆளு மாதிரி சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இன்று காலை மங்கை தலை வாரிக்கொள்ள உட்கார்ந்தாள். கை உயர்கிறது, ஆனால் பின்னால் கொண்டுபோக இன்னும் சிரமப்படுகிறாள். சீப்பைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். எனக்குப் பின்னத் தெரியாது. மூன்று முறை அவிழ்த்துப் பின்னினேன். கோணலாகத்தான் வந்தது. பாப்பா பார்த்துவிட்டுச் சிரித்தாள். மங்கை அதை அவிழ்க்காமலே கடைக்குப் போனாள்.

மார்ச் 21, வியாழன்

திருச்சிற்றம்பலத்துக் கல்யாணச் சாமான்களை எண்ணி வாங்க மங்கையே வேனில் போக வேண்டியதாயிற்று. கடையை என்னிடம் விட்டுப் போனாள். "ஒரு மணி நேரத்துல வந்துருவேன். யாரும் வந்தா உக்கார வைங்க" என்றாள்.

பெருமகளூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். பேத்திக்குக் காதுகுத்தாம்.

"மங்கை இல்லியா?"

"வெளிய போயிருக்காங்க. உக்காருங்க."

"நீங்க யாரு தம்பி?"

"அவங்க வீட்டுக்காரர்."

"வெளிநாட்டுல இருந்தவுங்களா?"

"ஆமாங்க. இருந்தேன்."

என்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்தான். எல்லாப் பொத்தானும் எனக்குத் தெரியும். ஆனால் மங்கை வந்து பேசட்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். சரி என்றேன். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. சாமான்கள் சரியாக இருந்திருக்காது, எண்ண நேரமாகியிருக்கும். அல்லது ரயில்வே கேட்டில் நிற்கிறார்களோ என்னவோ. வேன் சத்தம் எனக்கு இன்னும் பழகவில்லை. தெருவில் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து வாசலுக்குப் போனேன். பால் வண்டி. சிமென்ட் ஏற்றிய லாரி. பள்ளிக்கூட வேன்.

அடுத்த முறை எழுந்தபோது அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"உக்காருங்க தம்பி. வந்துரும்."

"தெரியுங்க" என்றேன். தெரிந்தும் உட்கார முடியவில்லை. வெயில் இறங்கிவிட்டிருந்த தெருவைப் பார்த்துக்கொண்டு, வாசற்படியிலேயே நின்றேன்.